ஆர்என்ஏ அடிபட்டா பாக்டீரியா ரிப்பேர் பண்ணுமா, தூக்கிப் போட்டுடுமா?

நீங்க கேட்டது இதுதான்: டிஎன்ஏ ரிப்பேரைக் கண்டுபிடிச்சவங்களுக்கு 2015ல நோபலே குடுத்தாங்க, அப்போ ஆர்என்ஏ அடிபட்டா பாக்டீரியா என்ன பண்ணும், ரிப்பேர் உண்டா இல்ல புதுசா செஞ்சுக்குமா, அப்புறம் ஆர்என்ஏல மெத்தில் (ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன் சேர்ந்த சின்னக் குழு) ஏறுறது டேமேஜா இல்ல செல்லே வேணும்னு பண்ற விஷயமா, கடைசியா இதை வச்சு மருந்து ஏதாவது செய்ய முடியுமான்னு. பார்க்க மூணு கேள்வி மாதிரி இருந்தாலும் முதல் ரெண்டும் எனக்கு ஒரே கேள்வியாத்தான் படுது. எது டேமேஜ்னு செல்லு எப்படி முடிவு பண்ணுது, முடிவு பண்ணின பிறகு எதைக் காப்பாத்துது எதைக் கைவிடுது, அதுதான் நீங்க கேக்கறது. நான் டிஆர்என்ஏவை (புரோட்டீன் செய்ய அமினோ அமிலத்தைத் தூக்கிட்டு வர்ற ஆர்என்ஏ) வச்சு பல வருஷம் பெஞ்ச்ல வேலை பார்த்தவன், இப்போ பிஜி பசங்களுக்கு இதையே பாடமா எடுக்கறேன். க்ளினிக்கல் சைடு என் ஏரியா இல்ல, அதனால அந்த இடம் வரும்போது லேப்ல நடக்கறதை மட்டும் சொல்றேன்.

நேரடியா பதில் சொல்லணும்னா, ரிப்பேர் உண்டு, ஆனா எல்லா ஆர்என்ஏவுக்கும் இல்ல. பாடப்புத்தகத்துல "ஆர்என்ஏ சீக்கிரம் அழியற சரக்கு, அதைப் போய் யாரு ரிப்பேர் பண்ணுவாங்க"ன்னு ஒரு வரி இருக்கும், அது எம்ஆர்என்ஏவுக்கு, அதாவது ஜீன்லேர்ந்து புரோட்டீன் செய்முறையை எடுத்துட்டு வர்ற ஆர்என்ஏவுக்குப் பொருந்தும். ஈ. கோலைங்கற குடல் பாக்டீரியால ஒரு எம்ஆர்என்ஏவோட அரை ஆயுளே சில நிமிஷம்தான், சும்மா விட்டாலே போயிடும். ஆனா செல்லுக்குள்ள இருக்கற மொத்த ஆர்என்ஏல எம்ஆர்என்ஏ ரொம்பக் கம்மி, வேகமா வளர்ற செல்லுல 80 சதவீதத்துக்கு மேல ரைபோசோம் (புரோட்டீன் செய்யற மெஷின்) ஆர்என்ஏதான், மிச்சத்துல பெரும்பங்கு டிஆர்என்ஏ. இது ரெண்டும் நாள்பட உழைக்கற சரக்கு, ஒரே டிஆர்என்ஏ திரும்பத் திரும்ப அமினோ அமிலத்தைத் தூக்கிட்டு ரைபோசோமுக்குப் போயிட்டு வந்துட்டே இருக்கும். எம்ஆர்என்ஏ டீக்கடை பேப்பர் கப்புன்னா டிஆர்என்ஏ வீட்டு எவர்சில்வர் டம்ளர், நசுங்கினா தட்டி எடுத்து மறுபடி புழங்குவோம். அதனால ரிப்பேர் பத்தி உறுதியா தெரிஞ்ச கதைகள்ல பெரும்பாலானது டிஆர்என்ஏ கதையாத்தான் இருக்கு.

எம்ஆர்என்ஏ உடைஞ்சா என்ன ஆகுதுன்னு முதல்ல முடிச்சிடறேன். உடைஞ்ச எம்ஆர்என்ஏல ரைபோசோம் ஓடி வந்து, ஸ்டாப் கோடானே (நிறுத்தச் சொல்ற மூணு எழுத்து) இல்லாம முனையில மாட்டிக்கும். அப்போ டிஎம்ஆர்என்ஏன்னு ஒரு மாலிக்யூல் எஸ்எம்பிபிங்கற புரோட்டீனோட உள்ள வந்து, பாதியில நிக்கற புரோட்டீன் வால்ல ஒரு சின்ன டேக் ஒட்டி, ரைபோசோமை விடுவிச்சு, அந்த அரைகுறை புரோட்டீனையும் உடைஞ்ச எம்ஆர்என்ஏவையும் அழிக்க அனுப்பிடும். இங்க காப்பாத்தப்படறது ரைபோசோம்தான், எம்ஆர்என்ஏவை யாரும் ஒட்டவைக்க முயற்சி பண்றதில்ல.

இப்போ டிஆர்என்ஏக்கு வரேன். தினசரி நடக்கற ரிப்பேரை யாரும் ரிப்பேர்னு பெருசா சொல்றதில்ல, ஆனா அதுவும் ரிப்பேர்தான். எல்லா டிஆர்என்ஏவோட 3 பிரைம் முனையிலயும் சிசிஏன்னு மூணு எழுத்து இருக்கணும், அமினோ அமிலம் தொங்கறதே அந்தக் கடைசி ஏ-லதான். ஈ. கோலைல எல்லா டிஆர்என்ஏ ஜீன்லயும் இந்த சிசிஏ ஏற்கனவே எழுதியே இருக்கு, அப்புறம் எதுக்கு அதுக்கு சிசிஏ சேர்க்கற என்சைம்? ஏன்னா செல்லுக்குள்ள சுத்தற ஆர்என்ஏஸ்கள் (ஆர்என்ஏவை அறுக்கற என்சைம்கள்) அந்த முனையைக் கொஞ்சம் கொஞ்சமா கொறிச்சுட்டே இருக்கும், இந்த என்சைம் எந்த டெம்ப்ளேட்டும் இல்லாம விட்டுப்போன எழுத்தை மட்டும் திரும்பச் சேர்க்கும். அந்த ஜீனை எடுத்துட்டாலும் ஈ. கோலை சாகாது, ஆனா மெதுவா வளரும், 1987லயே இதைக் காட்டிட்டாங்க. பேசிலஸ் சப்டிலிஸ்ல நிறைய டிஆர்என்ஏ ஜீன்ல சிசிஏ எழுதியே இல்ல, அங்க இந்த என்சைம் இல்லாம வண்டி நகராது.

நிஜமான சண்டை நடக்கறது ஆன்டிகோடான்ல, அதாவது டிஆர்என்ஏ எம்ஆர்என்ஏவோட கோடானைப் படிக்கற மூணு எழுத்துல. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை டி4 ஃபேஜ் (ஈ. கோலையைத் தாக்கற ஒரு வைரஸ்) கதை, இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா மொத்த ஃபீல்டும் இதுலேர்ந்துதான் கிளம்புச்சு. டி4 பாலிநியூக்ளியோடைடு கைனேஸ் (பாஸ்பேட் ஏத்தறது), டி4 ஆர்என்ஏ லைகேஸ் (துண்டுகளை ஒட்டறது), இந்த ரெண்டு என்சைமும் உலகத்துல எல்லா மாலிக்யூலர் பயாலஜி லேப்லயும் மைனஸ் 20 ஃப்ரீசர்ல இருக்கும். கைனேஸ் 1965ல வந்தது, லைகேஸ் 1972ல. ஆனா அந்த ஃபேஜுக்கு இந்த என்சைம்கள் எதுக்குன்னு ரொம்ப வருஷம் யாருக்கும் புரியல, ஏன்னா இந்த ஜீன்கள் கெட்டுப்போன ஃபேஜும் சாதாரண ஈ. கோலைல ஜம்முனு வளர்ந்துச்சு. சிடிஆர்5எக்ஸ்னு ஒரு ஸ்ட்ரெயின்ல மட்டும் வளரல. டெல் அவிவ்ல கேப்ரியல் காஃப்மன் லேப் இதைப் பிடிச்சு இழுத்துப் பார்த்தப்போ வெளிய வந்தது இது: அந்த ஸ்ட்ரெயின்ல பிஆர்ஆர்சின்னு ஒரு டிஆர்என்ஏ வெட்டி இருக்கு, சாதாரணமா அது ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் (அந்நிய டிஎன்ஏவை வெட்டற) என்சைமோட ஒட்டிக்கிட்டு தூங்கிட்டிருக்கும். ஃபேஜ் உள்ள வந்ததும் அந்த ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமை மடக்க 26 அமினோ அமிலம் நீளத்துல எஸ்டிபின்னு ஒரு சின்ன பெப்டைடை விடும், அந்தப் பெப்டைடு வந்து உக்காந்ததுமே பிஆர்ஆர்சி முழிச்சுக்கும். முழிச்சதும் லைசின் டிஆர்என்ஏவை 34ஆவது எழுத்துக்கு (ஆன்டிகோடானோட முதல் எழுத்து) முன்னாடி வெட்டும், லைசின் இல்லாம ஃபேஜோட லேட் புரோட்டீன்கள் வராது, ஃபேஜ் வளர முடியாது. அதாவது ஃபேஜ் போட்ட எதிர் ஆயுதத்தையே அலாரமா வச்சிருக்கு பாக்டீரியா.

ஃபேஜ் விடல. வெட்டுப்பட்ட இடத்துல ஒரு பக்கம் 2-3 சைக்ளிக் பாஸ்பேட், இன்னொரு பக்கம் பாஸ்பேட் இல்லாத 5 பிரைம் ஹைட்ராக்சில், இந்த நிலைல எந்த சாதாரண லைகேஸும் ஒட்டாது. அங்கதான் கைனேஸ் ரெண்டு வேலை செய்யுது, ஒரு கையால 3 பிரைம் பக்கத்து பாஸ்பேட்டைக் கழட்டும், இன்னொரு கையால 5 பிரைம் பக்கம் ஏடிபி (செல்லோட எனர்ஜி மாலிக்யூல்) கிட்டேர்ந்து பாஸ்பேட் ஏத்தும், அப்புறம் லைகேஸ் வந்து இன்னொரு ஏடிபியைச் செலவழிச்சு ரெண்டு துண்டையும் சேர்க்கும். இதை 1987லயே காஃப்மன் குரூப் தெளிவா போட்டுட்டாங்க. நாம ப்ரைமர் லேபிள் பண்ண யூஸ் பண்ற என்சைம் ஒரு வைரஸ் தன் உயிரைக் காப்பாத்திக்க வச்சிருந்த ரிப்பேர் கிட்டுன்னு கிளாஸ்ல சொல்லும்போது இன்னைக்கும் எனக்கு சிலிர்ப்பா இருக்கும். அதோட நிக்கல, ஆர்எல்ஓசின்னு இன்னொரு வெட்டி இருக்கு, அது ஒரு வெட்டு வெட்டறதோட விடாம 34ஆவது எழுத்தையே துண்டா பேர்த்து எடுத்துடும், அப்போ ஃபேஜ் என்சைம்கள் ஒட்டினாலும் ஒரு எழுத்து குறைஞ்ச டிஆர்என்ஏதான் வரும், வேலைக்கு ஆகாது. ரிப்பேரையே தோற்கடிக்க வந்த வெட்டு அது.

இதுவரை ரிப்பேர் பண்ணினது ஃபேஜ். பாக்டீரியா தானே தன் டிஆர்என்ஏவை ஒட்டுமான்னு கேட்டா, சில பாக்டீரியா பண்ணும், அதுலதான் உங்க மெத்தில் கேள்விக்கும் பதில் இருக்கு. க்ளாஸ்ட்ரிடியம் தெர்மோசெல்லம்ல பிஎன்கேபின்னு ஒரு என்சைம், கைனேஸ் பாஸ்படேஸ் லைகேஸ் மூணும் ஒரே புரோட்டீன்ல இருக்கும், ஆனா தனியா எடுத்துப் பார்த்தா ரெண்டு முனையையும் ரெடி பண்ணுது, ஒட்ட மாட்டேங்குது. கூட்டாளியா ஹென்1னு ஒரு மெத்தில் ஏத்தற புரோட்டீன் வேணும்னு அப்புறம்தான் தெரிஞ்சது. 2009ல இல்லினாய்ஸ்ல ரேவன் ஹுவாங் குரூப் அனபீனாவோட பிஎன்கேபி ஹென்1 ஜோடியை டியூப்ல போட்டு முழு ரியாக்‌ஷனையும் திரும்பக் கட்டிக் காட்டினாங்க. அழகு எங்க இருக்குன்னா, ஒட்டறதுக்கு முன்னாடி ஹென்1 உடைஞ்ச முனையில இருக்கற 2 பிரைம் ஆக்சிஜன் மேல ஒரு மெத்தில் வச்சிடும். பிஆர்ஆர்சி மாதிரி டாக்சின்கள் (விஷப் புரோட்டீன்கள்) ஆர்என்ஏவை வெட்டறது எப்படின்னா, அந்த 2 பிரைம் ஹைட்ராக்சிலையே கத்தியா பயன்படுத்தி பக்கத்து பாஸ்பேட்டைத் தாக்க வைக்கும், அதனாலதான் வெட்டின பிறகு சைக்ளிக் பாஸ்பேட் மிஞ்சுது. அந்த ஆக்சிஜன்ல மெத்தில் உக்காந்துட்டா கத்தியே இல்ல, அதே டாக்சின் அதே இடத்துல ரெண்டாவது தடவை வெட்ட முடியாது. ஒட்டின டிஆர்என்ஏ பழசை விட உறுதியா வெளிய வருது. வெட்டற டாக்சினுக்குப் பஞ்சமே இல்லங்கறதையும் யோசிச்சுக்கோங்க, கோலிசின் இ5 டைரோசின், ஹிஸ்டிடின், ஆஸ்பராஜின், ஆஸ்பார்டேட் டிஆர்என்ஏக்களை வெட்டும், கோலிசின் டி ஆர்ஜினின் டிஆர்என்ஏவை வெட்டும், இதெல்லாம் பக்கத்து பாக்டீரியாவே விடற விஷம்.

ஈ. கோலை கே-12ல இந்த பிஎன்கேபி ஹென்1 ஜோடி இல்ல, அங்க ஆர்டிசிபின்னு வேற லைகேஸ். 2011ல இதைப் பத்தி மூணு குரூப் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல பேப்பர் போட்டாங்க. இது 3 பிரைம் பாஸ்பேட்டைக் கழட்டாம அதையே வச்சு 5 பிரைம் ஹைட்ராக்சிலோட நேரா சேர்க்கும், ஏடிபிக்கு பதிலா ஜிடிபி (GTP) யூஸ் பண்ணும். இதோட ரசாயனம் சந்தேகமே இல்லாதது, மனுஷ செல்லுலயும் இதே குடும்பம்தான் டிஆர்என்ஏ ஸ்ப்ளைசிங் பண்ணுது. சந்தேகம் எங்க வருதுன்னா, ஈ. கோலை நிஜ வாழ்க்கைல இதை எதுக்கு வச்சிருக்குங்கறதுல. ஆர்டிசிபி இருக்கற ஓப்பரான் (ஒண்ணா ஓடற ஜீன் கூட்டம்) சாதாரணமா அணைஞ்சு கிடக்கும், ஆர்டிசிஆர்னு ஒரு ஸ்விட்ச் புரோட்டீன்தான் அதைப் போடணும். 2020ல சாண்ட்ரா வோலின் குரூப் சால்மொனெல்லால காட்டினது எனக்கு நம்பற மாதிரி இருக்கு, உடைஞ்ச டிஆர்என்ஏ பாதித் துண்டு, சைக்ளிக் பாஸ்பேட்டோட, அந்த ஆர்டிசிஆர் மேலயே வந்து உக்காந்து ஸ்விட்சைப் போடுது. அதாவது அடிபட்ட பொருளே ரிப்பேருக்கு ஆள் கூப்பிடுது. ஆனா மாஸ்எஃப் (ஈ. கோலையே வச்சிருக்கற, ஆர்என்ஏ வெட்டற ஒரு டாக்சின்) விஷயத்துல கருத்து பிளந்து கிடக்கு. வியன்னா குரூப் சொல்றது, ஸ்ட்ரெஸ் வந்தா மாஸ்எஃப் டாக்சின் 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவோட வால்ல 43 எழுத்தை வெட்டிடும், ஸ்ட்ரெஸ் போனப்புறம் ஆர்டிசிபி அதைத் திரும்ப ஒட்டும்னு, 2017ல அதை வெளியிட்டாங்க. அடுத்த வருஷமே மைக்கேல் லாப் லேப் ஜீனோம் முழுக்க பார்த்துட்டு, மாஸ்எஃப் வெட்டறது எம்ஆர்என்ஏக்களையும் இன்னும் முழுசா தயாராகாத ரைபோசோம் ஆர்என்ஏவையும்தான், முடிஞ்ச ரைபோசோமோட வால் பெருசா வெட்டுப்படறதா தெரியலன்னு சொன்னாங்க. என் சாய்வு ரெண்டாவது பக்கம், ஆனா எக்ஸாம்ல எழுதறதா இருந்தா ரெண்டையும் எழுதுங்க, இதை முடிஞ்சுபோன விஷயமா எழுதாதீங்க.

இங்க பெஞ்ச்ல உக்கார்றவங்களுக்கு ஒரு விஷயம். இந்த டிஆர்என்ஏ பாதித் துண்டுகள் இத்தனை நாள் கண்ணுல சரியா படாததுக்கு ஒரு காரணம் நம்ம மெதட்தான். சீக்வன்ஸ் பண்ண ஆர்என்ஏவைத் தயார் பண்ற சாதாரண ஸ்மால் ஆர்என்ஏ லைப்ரரி கிட்டுல அடாப்டர் (முனையில சேர்க்கற தெரிஞ்ச துண்டு) ஒட்டறதுக்கு 3 பிரைம் முனையில ஹைட்ராக்சில் வேணும், சைக்ளிக் பாஸ்பேட் இருந்தா அடாப்டர் ஒட்டவே ஒட்டாது, டேட்டால அந்தத் துண்டு இல்லாத மாதிரியே இருக்கும். யூரியா ஜெல்ல ஓட்டினா 76 எழுத்து டிஆர்என்ஏ பேண்டுக்குக் கீழ 35லேர்ந்து 40 பக்கம் மங்கலா ரெண்டு பேண்டு நிக்கும், ஆனா சீக்வன்ஸ்ல வராது. அப்போ என்ன பண்ணணும்னா, ஏடிபி போடாம பிஎச் 6 பக்கத்துல டி4 கைனேஸ் போட்டு முதல்ல அந்த பாஸ்பேட்டைக் கழட்டணும், அதுக்கப்புறம் லைப்ரரி போடணும். ரிப்பேர் பண்ற என்சைமைத்தான் டேமேஜைப் பார்க்கவும் கூப்பிட வேண்டியிருக்கு.

இதுவரை சொன்னது முதுகெலும்பு உடையற டேமேஜ். பேஸ் மேலயே ரசாயனம் ஏறுற டேமேஜ் வேற மாதிரி. எம்எம்எஸ் மாதிரி மெத்தில் ஏத்தற கெமிக்கல் பட்டா அடினின்ல 1ஆவது இடத்துலயும் சைட்டோசின்ல 3ஆவது இடத்துலயும் மெத்தில் ஏறும், இந்த ரெண்டு இடமும் ஜோடி சேர வேண்டிய முகம், மெத்தில் உக்காந்துட்டா ஜோடி சேராது. டபுள் ஸ்ட்ராண்ட் டிஎன்ஏல அந்த முகம் உள்ள மறைஞ்சிருக்கும், ஆர்என்ஏல ஜோடி சேராத இடத்துல எல்லாம் திறந்து கிடக்கும். ஈ. கோலைல இதைக் கழட்டறது ஏஎல்கேபிங்கற என்சைம். இரும்பு, ஆக்சிஜன், 2-ஆக்சோகுளூட்டரேட் மூணையும் வச்சு அந்த மெத்திலை ஆக்சிடைஸ் பண்ணும், அது ஃபார்மால்டிஹைடா கழண்டு போயிடும், பேஸ் பழையபடி ஆயிடும், வெட்டறது ஒட்டறது எதுவும் இல்ல. இந்த மெக்கானிசம் 2002ல வந்தது, ரெண்டு பேப்பர்ல ஒண்ணு நோபல் வாங்கின தாமஸ் லிண்டாலும் சேர்ந்து போட்டது. அடுத்த வருஷம் நார்வே குரூப் ஏஎல்கேபி ஆர்என்ஏவையும் சரி பண்ணும்னு காட்டினாங்க, மெத்தில் ஏத்திக் கெடுத்த எம்எஸ்2 ஃபேஜை ஏஎல்கேபி இருக்கற செல்லு பிழைக்க வச்சுது, எம்எஸ்2வோட ஜீனோமே ஆர்என்ஏதான். 2004ல எம்ஆர்என்ஏ, டிஆர்என்ஏ ரெண்டோட வேலைத்திறனும் டியூப்ல திரும்ப வந்ததைக் காட்டினாங்க. இவ்வளவும் நிச்சயம். ஆனா செல்லுக்குள்ள ஏஎல்கேபியோட முக்கிய வேலை டிஎன்ஏவா ஆர்என்ஏவான்னு கேட்டா பெரும்பாலானவங்க டிஎன்ஏன்னுதான் சொல்வாங்க, நானும் அப்படித்தான் சொல்வேன்.

ஆக்சிடேஷன்ல கதை தலைகீழ். குவானின் ஆக்சிஜன் பட்டு 8-ஆக்சோ குவானினா மாறினா ஆர்என்ஏல அதைத் திரும்ப மாத்தற என்சைம் எதுவும் பாக்டீரியால இதுவரை பிடிபடல. செல்லு ரெண்டு பக்கமா சமாளிக்குது, கெட்டுப்போன ஜிடிபி ஆர்என்ஏக்குள்ள போறதுக்கு முன்னாடியே எம்யூடிடிங்கற என்சைம் அதை உடைச்சிடுது, அதையும் மீறி ஆர்என்ஏல வந்ததை பிஎன்பேஸ் மாதிரி ஆர்என்ஏ அழிக்கற என்சைம்கள் பிடிச்சு முடிச்சிடுது. இங்க ரிப்பேர்ங்கற வார்த்தையை நான் யூஸ் பண்ண மாட்டேன், இது சுத்தம் பண்றது.

சரி, மெத்தில் டேமேஜா இல்லையாங்கற கேள்வி. இடம்தான் தீர்மானிக்குது, மெத்தில் இல்ல. டிஆர்எம்டின்னு ஒரு என்சைம் சில டிஆர்என்ஏக்கள்ல 37ஆவது குவானின் மேல 1ஆவது இடத்துல மெத்தில் வைக்கும், அதுவும் ஜோடி சேர்ற முகம்தான், வேற இடத்துல கெமிக்கலால ஏறியிருந்தா அதை டேமேஜ்னுதான் எழுதியிருப்போம். ஆனா இங்க அது ஆன்டிகோடானுக்கு ஒட்டினாப்ல இருக்கற எழுத்து, அது கோடானோட ஜோடி சேர்ந்துட்டா ரீடிங் ஃப்ரேம் நழுவிடும், அதைத் தடுக்கத்தான் மெத்தில். இந்த என்சைம் இல்லாம பாக்டீரியா சரியா வளரவே முடியாது. ஈ. கோலை ரைபோசோம் ஆர்என்ஏல மட்டும் இப்படி வேணும்னே மாத்தின எழுத்து 36 இருக்கு, 16எஸ்ல 11, 23எஸ்ல 25. பெரும்பாலானதை ஒவ்வொண்ணா எடுத்தா செல்லு தாங்கிக்கும். சிலதை எடுத்தா லாபமே வரும், கேஎஸ்ஜிஏ ஜீனை இழந்து ரெண்டு அடினின்ல மெத்தில் இல்லாம போனா கசுகாமைசின்ங்கற ஆன்டிபயாடிக் வேலை செய்யாம போயிடும்.

மருந்துன்னு கேட்டீங்க, அதுக்கு இங்கேர்ந்தே போகலாம். எர்ம்னு ஒரு மெத்திலேஸ் (மெத்தில் ஏத்தற என்சைம்) 23எஸ்ல 2058ஆவது அடினின்ல மெத்தில் வச்சா எரித்ரோமைசின் போய் ஒட்டற இடமே மூடிடும், கிளிண்டாமைசினும் சேர்ந்து போயிடும். நோயாளிகிட்டேர்ந்து எடுத்த ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா வந்தா மைக்ரோ லேப்ல டி-டெஸ்ட் (D-test) போடறாங்களே, அது இதைத்தான் பார்க்குது: எரித்ரோமைசின் டிஸ்க்கையும் கிளிண்டாமைசின் டிஸ்க்கையும் பக்கம் பக்கமா வச்சா, எரித்ரோமைசின் இருக்கற பக்கம் மட்டும் கிளிண்டாமைசினோட வட்டம் தட்டையாகி ஆங்கில டி (D) எழுத்து மாதிரி ஆயிடும், ஏன்னா அந்தப் பக்கத்து செல்லுகள்ல எரித்ரோமைசின் பட்டு எர்ம் ஜீன் முழிச்சு, ரைபோசோம் ஆர்என்ஏல மெத்தில் ஏறிடுச்சு. தட்டுல கண்ணால பார்க்கற ஆர்என்ஏ மாடிஃபிகேஷன் அது. சிஎஃப்ஆர்ங்கற இன்னொரு மெத்திலேஸ் 23எஸ்ல 2503ல மெத்தில் வச்சு லினசோலிடைத் தடுக்கும், ஆர்ம்ஏவும் ஆர்எம்டிபியும் 16எஸ்ல 1405ஆவது குவானின்ல மெத்தில் வச்சு அமிகாசின், ஜென்டாமைசின் ரெண்டையும் ஒண்ணாத் தூக்கிடும், நம்ம ஊர்ல என்டிஎம் (கார்பபெனெம் ஆன்டிபயாடிக்கை உடைக்கற) ஜீனோட சுத்தற ஸ்ட்ரெயின்கள் பலதுல இந்த மெத்திலேஸும் கூடவே இருக்கும்.

அப்போ எந்த என்சைமைக் குறி வைக்கலாம்? ரிப்பேர் என்சைம்களை குறி வைக்கறது எனக்கு சரியா படல, ஆர்டிசிபியோ ஏஎல்கேபியோ இல்லாம ஈ. கோலை சாதாரண மீடியால நல்லாவே வளரும், டாக்சினோ கெமிக்கலோ படும்போதுதான் வித்தியாசம் தெரியும், தனியா அதை அடைச்சு ஒரு இன்ஃபெக்‌ஷனைக் குணப்படுத்த முடியும்னு எனக்குத் தோணல. எர்மை அடைக்கற மாலிக்யூல்கள் லேப்ல நிறைய பேர் செஞ்சு பார்த்திருக்காங்க, எதுவும் மருந்தா ஆஸ்பத்திரிக்கு வரல, அந்த மெத்திலேஸ் மெத்திலை வாங்கற எஸ்-அடினோசில் மெத்தியோனின் பாக்கெட் நம்ம உடம்புல இருக்கற எத்தனையோ மெத்திலேஸ்லயும் இருக்கறது அதுல ஒரு பெரிய சிக்கல். டிஆர்எம்டி அந்த விஷயத்துல வேற, அதோட பாக்கெட்ல மெத்தில் குடுக்கற மாலிக்யூல் வளைஞ்சு வித்தியாசமான வடிவத்துல உக்காரும், மனுஷ செல்லுல அதே வேலையைச் செய்யற என்சைமோட கட்டமைப்பே வேற. பாக்டீரியாவுக்கு அது இல்லாம முடியாது, நமக்கு அது இல்ல. எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு டாபிக் தேடறீங்கன்னா நான் கை காட்டறது டிஆர்எம்டியைத்தான், ஸ்ட்ரக்சரும் பப்ளிக்கா இருக்கு, டாக்கிங்லேர்ந்து (மாலிக்யூல் பாக்கெட்ல பொருந்துதான்னு கம்ப்யூட்டர்ல பார்க்கறது) ஆரம்பிக்கலாம்.